ஈபிள் டவரில் ஒரு வேப்பங்கொத்து

7

அழுகிற பெண்களைக் கண்டால் தியாகேசனுக்குப் பயம். அழாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கண்டால் அதைவிடப் பயம். எதிரே உட்கார்ந்திருந்த செவ்வந்தி அழவில்லை.

"எங்கப்பா உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரியணும். அவ்வளவுதான் மேடம்."

தஞ்சாவூர் ரயிலடிக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சுடர்விழியின் துப்பறியும் அலுவலகம். சுடர்விழிக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் சம்பளம் வாங்கும் தியாகேசனுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டி, பெரிய கோயிலையும் கல்லணையையும் மனோராவையும் காட்டிக் காட்டி அலுத்துப்போய் இங்கே வந்து சேர்ந்தவர். வேனையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். வாயையும்தான்.

செவ்வந்தி கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நர்ஸ். அவளுடைய அப்பா இராஜாங்கம் லைன்மேனாக வேலைக்குச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். ஒன்பது நாளைக்கு முன்னால் 'பஞ்சநதம் டிராவல்ஸ்' அழைத்துப்போன அமெரிக்க உல்லாசச் சுற்றுலாவில் லாஸ் வேகாஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

"வேன் ஏறினதோட சரி. ஒரு போன் கிடையாது. கேட்டா, அங்க லைன் கிடைக்கலைங்கிறாங்க. தினம் சாயங்காலம் எங்க தெரு வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரு போட்டோ வருது. கீழ 'நலம், மகிழ்ச்சி'ன்னு ஒரு வரி. எங்கப்பா அறுபத்திரண்டு வயசுல ஒரு தடவகூட மகிழ்ச்சின்னு எழுதினதில்ல மேடம்."

போனை நகர்த்தி வைத்தாள். தியாகேசன் சுடர்விழியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ராட்சத ராட்டினத்துக்கு முன்னால் ஒரு படம். வெனிஸ் படகில் ஒன்று. பிரமிடு வாசலில் ஒன்று. ஐந்து நாளைக்கு முன்னால் வந்தது, விளக்கு வெளிச்சத்தில் மின்னும் ஈபிள் டவருக்குக் கீழே ஒன்று. எல்லாவற்றிலும் கறுப்புக் கோட்டும் கழுத்தில் மஃப்ளருமாக இராஜாங்கம் விறைப்பாக நின்றிருந்தார்.

"ஈபிள் டவர் பாரிஸ்லல்ல இருக்கு? அது எப்ப அமெரிக்காவுக்கு ட்ரான்ஸ்பர் ஆச்சு?"

"அந்த ஊர்ல எல்லாத்துக்கும் டூப்பு கட்டி வெச்சிருக்காங்கண்ணே," என்றாள் சுடர்விழி. "பாரிஸ், வெனிஸ், எகிப்து எல்லாம் ஒரே ரோட்டுல. ஜனங்க அதப் பாக்கத்தான் போறாங்க."

செவ்வந்தி படத்தைப் பெரிதாக்கினாள். "அங்க இப்ப குளிர்காலம். ராத்திரி எட்டு டிகிரின்னு போன்ல போட்டிருக்கு. எங்கப்பா நெத்தியப் பாருங்க."

நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"கம்ப்யூட்டர்ல தலைய வெட்டி ஒட்டியிருப்பானுங்களோ? இப்பல்லாம் செத்தவங்களையே சிரிக்க வெக்கிறானுங்களே..." சொன்ன பிறகுதான் தியாகேசனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செவ்வந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நானும் அதத்தான் பயப்படுறேன் சார்," என்றாள். அப்போதும் அவள் அழவில்லை. தியாகேசனுக்குத் தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

*

பஞ்சநதத்தின் டிராவல்ஸ் ஆபீஸ் ஏ.சி. போட்டு ஜில்லென்று இருந்தது. பஞ்சநதமும் அப்படியே. நெற்றியில் சந்தனம், கையில் இரண்டு போன், வாய் நிறையச் சிரிப்பு.

"வாங்க, வாங்க. தம்பதியா டூர் போறீங்களா?"

"அண்ணன் தங்கச்சி," என்றார் தியாகேசன் அவசரமாக. வீட்டம்மா காதில் விழுந்தால் அவ்வளவுதான்.

பஞ்சநதம் ஆரம்பித்துவிட்டார். "மொத நாளு ஆடுற தண்ணி ஊத்து. பாட்டுக்குத் தக்கன தண்ணி ஆடும். ரெண்டாம் நாளு ராட்டினம், ஐநூத்தம்பது அடி ஒசரம். மூணாம் நாளு வெனிஸ். கட்டடத்துக்குள்ளயே வாய்க்கா வெட்டி, அதுல படகு விட்டிருக்கான்."

"எங்க ஊர்ல வாய்க்கா தயாரா இருக்குங்க. தண்ணிதான் டூர் போயிடுது," என்றார் தியாகேசன்.

பஞ்சநதம் சிரித்தார். சிரிக்கும்போது கண் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருஷம் லாட்ஜ் புரோக்கர்களோடு பழகிய தியாகேசனுக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும்.

"இப்ப அங்க இருக்கிறவங்க யாரோடயாவது பேசிப் பாக்கலாமா?" என்று சுடர்விழி கேட்டாள்.

"அங்க இப்ப நடு ராத்திரிங்க. தூங்குறவங்கள எழுப்பக் கூடாதில்ல?" என்று சுவரைக் காட்டினார் பஞ்சநதம். அங்கே இராஜாங்கத்தின் ஈபிள் டவர் படம் ஆள் உயரத்துக்கு அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது. "இவரு கீழ்வேளூர்ப் பக்கம். இந்த ஒரு படத்தப் பாத்துட்டு அவரு தெருவுல இருந்தே ஒம்போது பேரு சேந்துட்டாங்கன்னா பாத்துக்குங்க. நாளைக்குக் காலைல அடுத்த பேட்ச் கிளம்புது. பதினெட்டு பேரு. பாஸ்போர்ட்டெல்லாம் நம்ம பீரோவுல பத்திரமா இருக்கு."

சுடர்விழி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து வேனில் ஏறிய பிறகும் கழுத்தைத் திருப்பி அந்த ஆபீஸையே பார்த்தாள்.

"என்ன மேடம்?"

"அந்தப் படத்துல என்னமோ சரியில்லண்ணே. கண்ணுல படுது, மூளையில படமாட்டேங்குது."

*

அம்மாபேட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. செவ்வந்தியின் ஊருக்குப் போய் நாலு பேரை விசாரிக்கலாம் என்பது திட்டம். ஒரு டீக்கடையைப் பார்த்ததும் தியாகேசனின் வேன் தானாக ஓரம் கட்டியது. ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் பச்சைப்பசேல் என்று நின்றது.

கடைக்காரர் ஸ்டூலில் ஏறி, கையிலிருந்த வேப்பங்கொத்தை டியூப் லைட்டின் ஓரமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

சுடர்விழியின் டீ கிளாஸ் உதட்டருகே அப்படியே நின்றது.

"என்னண்ணே செய்யறீங்க?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"பூச்சிக்கும்மா. லைட்டப் போட்டா வயல்ல இருக்கிற பச்சைப் பூச்சி மொத்தமும் இங்கதான் குடிவரும். தழை கட்டிட்டா அதுல போயி உக்காந்துக்கும். பால்ல விழாது."

"இதுல என்ன மேடம் அதிசயம்?" என்றார் தியாகேசன். "ஐப்பசி பொறந்தா நம்ம பக்கம் எல்லாரும் கட்டுறதுதானே?"

"அதேதாண்ணே. எல்லாரும் கட்டுறதுதான். அதனாலதான் யாரு கண்ணுக்கும் படல." அவள் போனை எடுத்து ஈபிள் டவர் படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கினாள். விளக்குக் கம்பத்தின் நுனியில் ஒரு வேப்பங்கொத்து தொங்கியது.

தியாகேசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அடக் கடவுளே! ஈபிள் டவருக்கு அம்மை போட்டிருக்கா மேடம்?"

"நெல்லு வெளையாத பாலைவன ஊருண்ணே அது. அங்க எங்க பச்சைப் பூச்சி, எங்க வேப்பந்தழை? அந்தத் தெரு முழுக்க இந்தப் படத்தப் பாத்திருக்கு. லைக் போட்டிருக்கு. ஒருத்தருக்கும் தோணல. விளக்குன்னா தழை இருக்கும்னு கண்ணு பழகிப்போச்சு. படம் புடிச்ச பஞ்சநதத்துக்கும் அதே கண்ணுதான்."

"அப்ப இது எந்த ஈபிள் டவர்?"

கேட்டுவிட்டுத் திரும்பிய தியாகேசன், "மேடம்" என்றார் மெல்ல. கடைச் சுவரில் மழையில் நனைந்த போஸ்டர் ஒன்று. 'நன்னிலத்தில் உலக அதிசயங்கள் மாபெரும் பொருட்காட்சி.' ஈபிள் டவர், பிரமிடு, வெனிஸ் படகு, ராட்சத ராட்டினம். குறுக்கே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது: 'மழை காரணமாகத் திறப்பு விழா தள்ளிவைப்பு.'

"அந்த ஊர்ல இருக்கிறதே டூப்பு. டூப்புக்கு ஒரு டூப்பு போட்டா எவன் கண்டுபிடிப்பான்?" என்றார் தியாகேசன். அவருக்குப் பஞ்சநதத்தின் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்துவிட்டது.

"அதனாலதான் அவரு பாரிஸ் டூர் போடல," என்றபடி சுடர்விழி செவ்வந்தியின் எண்ணை அழுத்தினாள். "செவ்வந்தி, உங்க தெருவுல விளக்குக்குத் தழை கட்டுறது யாரு?"

"அப்பாதான் மேடம். ரிட்டயர் ஆனாலும் ஐப்பசி பொறந்தா ஏணியத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு. வைக்கோல் பிரியாலதான் கட்டுவாரு. யாராவது கம்பியால கட்டினா, கரண்டு இறங்கிடும்டான்னு திட்டுவாரு. ஏன் மேடம் கேக்குறீங்க?"

"சும்மாதான். போனக் கையிலயே வெச்சிருங்க."

*

நன்னிலத்துக்கு வெளியே அந்த மைதானம் சேறாகிக் கிடந்தது. இரும்புக் குழாயும் பிளைவுட்டுமாக ஈபிள் டவர் தென்னைமர உயரத்துக்கு நின்றது. பிரமிடுக்குத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். வெனிஸ் படகு மழைத்தண்ணீரில் நிஜமாகவே மிதந்தது. காவலுக்கு ஆளில்லை.

மணி ஐந்தரை. இருட்டிக்கொண்டு வந்தது. கம்ப விளக்குகள் அப்போதுதான் எரிந்தன. தியாகேசன் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். ஒவ்வொரு விளக்குக்கும் கீழே எண்ணெய் தடவிய பாலிதீன் தாளைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், பூச்சி ஒட்டிக்கொள்ள. ஈபிள் டவர் பக்கத்து விளக்கில் மட்டும் வேப்பங்கொத்து. கட்டியிருந்தது வைக்கோல் பிரி.

"மேடம், அவரேதான்."

"தழையப் பாருங்கண்ணே. போட்டோ வந்து அஞ்சு நாளாச்சு. வேப்பந்தழை ரெண்டு நாள்ல சருகாயிடும். இது இன்னிக்குக் காலைல ஒடிச்சது."

தியாகேசனுக்குச் சட்டென்று நெஞ்சு லேசானது. "அப்ப மனுஷன் உயிரோட இருக்காரு! உடனே அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடலாம் மேடம்."

"இருங்க," என்றாள் சுடர்விழி. அவள் முகம் தெளியவில்லை. "கடத்தி வெச்ச ஆளுக்கு யாரும் ஏணி குடுக்க மாட்டாங்க. கையும் காலும் கட்டில்லாம இருக்கிற மனுஷன், பெத்த பொண்ணு அங்க துடிச்சிட்டிருக்கும்போது ஏன் ஒரு போன் பண்ணல? இதுல அவருக்கும் பங்கு இருந்தா?"

தியாகேசனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

சற்றுத் தள்ளி, அதே விளக்கின் வெளிச்சத்தில், பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ஒரு பெண் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் காளியம்மாள். பொருட்காட்சி வேலைக்காரர்களுக்கு டீயும் பலகாரமும் அவளுடைய பொறுப்பு.

"லைட்டு அய்யாவையா கேக்குறீங்க?" என்றாள். "எண்ணெயில பூச்சி விழுதேன்னு ஒருநா பொலம்பிட்டேன். மறுநாளே ஏணி வாங்கிக் கட்டிட்டாரு. தெனம் காலைல மாத்தி விடுவாரு. தங்கமான மனுஷன்."

"எங்க இருக்காரு?"

"பின்னால பழைய ரைஸ் மில்லுல. சினிமாக்காரங்களாமே? பொழுது சாஞ்சா கோட்டு மாட்டிக்கிட்டு வந்து போட்டோ புடிப்பாங்க. இந்தா, அவங்களுக்குத்தான் டீ போகுது."

தட்டில் இருந்த கிளாஸ்களைச் சுடர்விழி எண்ணினாள். பதினொன்று.

தியாகேசன் தட்டைத் தானே வாங்கிக்கொண்டார். போகிற இடத்துக்குக் கையில் டீயோடு போனால் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். சுடர்விழி நன்னிலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் பேசிக்கொண்டே பின்னால் வந்தாள்.

மில்லின் நீளக் கூடத்தில் பதினோரு பாய் விரித்திருந்தது. பதினோரு பேரும் அங்கேயே இருந்தார்கள், சுற்றுலா போன மொத்தக் கூட்டமும். அமெரிக்காவில் ராட்டினம் சுற்றுவதாக ஊர் நம்பிக்கொண்டிருந்தவர்கள், இங்கே லுங்கியைக் கட்டிக்கொண்டு கொசு அடித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டிருந்தவர் ஒருத்தர்தான். அவர் எழுந்து நின்றார்.

"என் பொண்ணு அனுப்பிச்சாளா?" என்றார் இராஜாங்கம்.

"ஆமாங்க. நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"வேன் விழுப்புரம் தாண்டல. விசா வரல, பத்து நாள்ல வந்துடும்னான். போனும் பாஸ்போர்ட்டும் அவன்கிட்ட. இங்க கொண்டாந்து வெச்சான். தினம் போட்டோ புடிச்சு நானே அனுப்பிடறேன், உங்க மானம் போவாதுன்னான்."

"போனாப் போகுதுன்னு வீட்டுக்குப் போயிருக்கலாமேய்யா?" தியாகேசனுக்குப் பொறுக்கவில்லை. "கோட்டையா கட்டிக் காவல் வெச்சிருக்காங்க?"

"எப்படிங்க போவேன்?" இராஜாங்கம் நிமிர்ந்தார். "எங்கப்பா பண்ணையாளா இருந்தவரு. அந்தப் பண்ணை வீட்டுப் பேரன் வந்து எனக்கு மாலை போட்டாருங்க. பஸ் ஸ்டாப்புல பதினஞ்சு அடிக்கு ஃப்ளெக்ஸ். எங்க தெருவுல இருந்து அமெரிக்கா பாக்கப்போற மொத ஆளுன்னு மேளம் அடிச்சு வேன் ஏத்தினாங்க. விழுப்புரம் பாத்துட்டு வந்தேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எறங்குவேன்?"

பின்னால் இருந்த பத்து பேரும் தரையைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் இருக்கும் போலிருக்கிறது.

தியாகேசனுக்கு இந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

சுடர்விழி மட்டும் தயங்கவில்லை. "நாளைக்குக் காலைல அடுத்த பேட்ச் கிளம்புது, தெரியுமா உங்களுக்கு?"

"இல்லையே. எங்க பேட்சுக்கே விசா வரலையே?"

"பதினெட்டு பேரு. அதுல ஒம்போது பேரு உங்க தெரு. உங்க ஈபிள் டவர் படத்த ஆளுயரத்துக்குச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காரு. அதக் காட்டித்தான் பாஸ்போர்ட்டு வாங்கியிருக்காரு."

"என் படத்தக் காட்டியா?" இராஜாங்கம் கோட்டின் பித்தானைப் பிடித்துக்கொண்டார். "எங்க தெரு ஆளுங்கள, என் படத்தக் காட்டியா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"போனக் குடும்மா," என்றார் கடைசியில். "தெருவுல எல்லாரும் பாக்கற மாதிரி பேசணும். இங்க வேண்டாம். அந்த விளக்குக்கிட்டப் போயி நின்னு சொல்றேன்."

*

செவ்வந்திதான் தெரு குரூப்பில் இருந்தவர்களை எல்லாம் வீடியோ காலில் கூப்பிட்டு, சுடர்விழியின் எண்ணையும் சேர்த்தாள். ஈபிள் டவருக்குக் கீழே இராஜாங்கம் போனைத் தூக்கிப் பிடித்தார். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் வந்துகொண்டே இருந்தன. "டேய், மாமா அமெரிக்காவுல இருந்து பேசறாருடா!" என்று யாரோ கத்த, கைதட்டல் கேட்டது.

இராஜாங்கம் கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தியாகேசன் தன்னை அறியாமல் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இது அமெரிக்கா இல்ல," என்றார் இராஜாங்கம். "நன்னிலம்."

கைதட்டல் நின்றது.

"நான் எங்கயும் போவல. ஒம்போது நாளா இங்கதான் இருக்கேன். நீங்க பாத்ததெல்லாம் பொய். இந்தாப் பாருங்க." போனை மேலே திருப்பி விளக்கைக் காட்டினார். "நான் கட்டின தழை. நம்ம தெருவுல கட்டுவனே, அதே மாதிரி. நாளைக்கு யாரும் வேன் ஏறாதீங்க. பாஸ்போர்ட்டக் கேட்டு வாங்குங்க."

எந்தக் கட்டத்திலிருந்தோ ஒருத்தர் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பில்லை, ஒரு சின்னச் சத்தம்தான். அதற்கே இராஜாங்கத்தின் தோள் குறுகியது. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் மனுஷன் ஒன்பது நாள் பாயில் கிடந்திருக்கிறார். ஆனால் போனைப் பிடித்த கை இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வெனிஸ் படகுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சார், ரெடியாயிட்டீங்களா? வெரி குட். இன்னிக்கு ஆடுற தண்ணி ஊத்து. ஃபயர் சர்வீஸ் பைப்புக்குச் சொல்லியிருக்கேன். கொஞ்சம் மகிழ்ச்சியா நில்லுங்க, நாளைக்கு பேட்ச் கிளம்பறதுக்குள்ள ஒரு புதுப் படம் வேணும்."

தோளில் கேமரா ஸ்டாண்டோடு வந்த பஞ்சநதம், போனில் நிறைந்திருந்த முகங்களைப் பார்த்தார். முகங்களும் அவரைப் பார்த்தன. அவற்றில் ஒன்பது பேர் அவரிடம் பாஸ்போர்ட் கொடுத்தவர்கள். முதல் வசவு வருவதற்கு இரண்டு விநாடி ஆனது. அதற்கப்புறம் எந்த வசவு யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

பஞ்சநதம் திரும்பி ஓடப் பார்த்தார். சேற்றில் ஷூ மாட்டிக்கொண்டது. தியாகேசன் நிதானமாகப் போய் அவர் பாக்கெட்டில் இருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க. ஸ்டேஷன்ல இருந்து வண்டி வந்துட்டிருக்கு. அதுல விசா கேக்க மாட்டாங்க."

இராஜாங்கம் இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சலுக்கு நடுவே ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் சத்தம் இல்லை. அங்கே செவ்வந்தி அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. அப்பாவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழ வந்திருக்கிறது என்று தியாகேசனுக்குப் புரிந்தது.

"செவ்வந்தி," என்றார் இராஜாங்கம். "அப்பா உன்னையும் ஏமாத்திட்டேன்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கோட்ட மொதல்ல கழட்டுங்கப்பா. வேர்த்து ஊத்துது பாருங்க."